பதினெட்டு வயதிற் கூறும் தீர்ப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இளவேனிற் காலம் தொடங்கியதும், உயர்தரப் பாடசாலை மைதானங்கள் சிலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். துடுப்பாளன் நிற்கும் இடத்திற்குப் பின்னே கட்டப்பட்ட கம்பி வலைக்கு அப்பால், வெயிலுக்குத் தொப்பியணிந்த மனிதர் பத்துப் பன்னிருவர் அமர்ந்திருப்பர். அவர்கள் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் அல்லர், அவ்வூரவரும் அல்லர். எந்தக் கட்சி வெல்லும் என்பதிலும் அவர்களுக்கு அக்கறையில்லை. மைதானத்தின் நடுவே, சிறியதொரு மண்மேட்டின்மீது நின்று பந்தெறியும் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனையே அவர்களின் கண்கள் நோக்கிக் கொண்டிருக்கும். அவனுடைய கை பின்னே சென்று முன்னே வருந்தோறும், வேகத்தை அளக்கும் கருவிகள் பல ஒருங்கே உயரும். பின்னர் குறிப்பேடுகளில் எண்கள் எழுதப்படும்.

அந்த எண்களால் ஒரு குடும்பத்தின் நிலையே மாறிவிடக் கூடும். நேற்றுவரை பாடசாலைப் பேருந்திற் சென்றுவந்த பையன், அடுத்த மாதம் பல இலட்சம் டொலருக்கு உரியவன் ஆகலாம். அவ்வாறு ஆகாமலும் போகலாம்.

குறிப்பெழுதும் அம்மனிதரை அந்நாட்டார் "ஸ்கவுட்" என்று அழைப்பர். இலங்கைப் பாடசாலைகளில் இச்சொல்லுக்குச் சாரணர் என்று பெயர். பழந்தமிழிற் சாரணர் என்பது ஒற்றரையும் குறிக்குமாதலால், பிறர் அறியாத பையனைத் தாம் முதலில் அறிந்து தம் கழகத்திற்கு உரைக்கும் இவருக்கு அப்பெயர் பொருந்தாமற் போகாது. ஆயினும் காக்கிச் சட்டையும் கழுத்துப் பட்டியும் நேயரின் நினைவுக்கு வந்து மயக்கம் விளைக்குமாகையால், அவரைத் தேர்வாளர் என்று கூறுவதே நலம்.

பேஸ்போல் ஆட்டத்தின் விதிகள் அனைத்தையும் இங்கு விரித்தல் வேண்டா. கிரிக்கெட்டிற் பழகியவர்க்குச் சில வேறுபாடுகள் தெரிந்தாற் போதும். கிரிக்கெட்டில் விக்கெற்றுக்கும் விக்கெற்றுக்கும் இடையே 66 அடி. இங்கு எறிவீரன் நிற்கும் மேட்டிலிருந்து துடுப்பாளனின் அருகே பதித்துள்ள வெண்பலகை வரை 60 அடி 6 அங்குலம். 1893 ஆம் ஆண்டு தொடக்கம் இத்தூரம் மாறவில்லை. எறிவீரன் ஓடி வருவதில்லை. நின்ற இடத்திலிருந்தே, முழங்கையை மடக்கி நீட்டி எறிகிறான். பந்து நிலத்திற் படாமலே செல்லும். வெண்பலகையின் அகலம் 17 அங்குலம். அதற்கு நேர்மேலாக, துடுப்பாளனின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியூடாகப் பந்து செல்லவேண்டும். அவ்வெளியைத் தவறி நான்கு பந்துகள் சென்றால், துடுப்பாளன் அடியாமலே முதல் தளத்திற்கு நடந்து போய்விடுவான். மூன்று பந்துகளை அவன் தவறவிட்டாற் களத்தை விட்டு நீங்குவான். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அவனை அடைவதற்கு அரை வினாடியும் ஆவதில்லை. அந்த நேரத்திற்குள் அடிப்பதா, விடுவதா என்று அவன் முடிவு செய்யவேண்டும். ஆதலால் நல்ல எறிவீரன் ஒருவன் வாய்த்த கழகம், மற்றைய குறைகள் பலவற்றை மறைத்துவிடும். அவனுக்கு விலை ஏறுவது இதனாலேயே.

தேர்வாளர் எவற்றை அளக்கிறார்? நேராகச் செல்லும் விரைவுப் பந்து, வளைந்து விழும் பந்து, விரைவுப் பந்து போலத் தோன்றி மெதுவாக வரும் ஏமாற்றுப் பந்து, நினைத்த இடத்திற் பந்தை வைக்கும் ஆற்றல் என இவற்றிற்குத் தனித்தனியே புள்ளி இடுகிறார். இப்புள்ளிகள் 20 இல் தொடங்கி 80 இல் முடிவடைகின்றன. மேஜர் லீக் எனப்படும் முதல்தர ஆட்டத்திற் சராசரி நிலையில் உள்ளவனுக்கு 50. எண்பது பெறுவோர் மிகச் சிலர். இங்கே கருதத் தக்கது ஒன்றுண்டு. ஒவ்வோர் ஆற்றலுக்கும் இரண்டு புள்ளிகள் எழுதப்படுகின்றன. ஒன்று இன்றைய நிலைக்கு, மற்றையது எதிர்கால நிலைக்கு. முதற் புள்ளியை இடுவதற்குக் கண்ணும் பழக்கமும் போதும். இரண்டாவதோ, ஆறாண்டு கழித்து மாணவன் எழுதப்போகும் பரீட்சைக்கு இன்றே புள்ளி இடுமாறு ஆசிரியரைக் கேட்பது போன்றது.

முற்காலத்திற் பந்தின் வேகத்தைக் கண்ணாலும் காதாலுமே தேர்வாளர் கணித்தனர். பந்து பிடிப்போனின் தோற்கையுறையில் எழும் ஓசையே அவர்களின் அளவுகோல். 1970 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் டனி லிற்வைலர், மோட்டார் வண்டிகளின் வேகத்தை அறியப் பொலிசார் கையாண்ட றேடார் கருவியைப் பந்தெறிதலை அளக்கப் பயன்படுத்தினார். அன்று தொடங்கி வேகம் ஐயத்திற்கு இடமில்லாத ஓர் எண் ஆகிவிட்டது. எண்ணாக ஆகிவிட்ட ஒன்றுக்கு எண்ணாக ஆகாதவற்றினும் மதிப்பு மிகுதல் உலக இயல்பு. பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல.

வேகம் ஒன்றையே அளந்து ஆள் தேடினால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவில் நிகழ்ந்த ஒரு முயற்சி சான்றாகும். 2008 ஆம் ஆண்டில், பேஸ்போல் ஆட்டத்தை முன்பின் கண்டறியாத இளைஞரிடையே எறிவேகப் போட்டியொன்று அங்கு நடத்தப்பட்டது. ஈட்டியெறிதலிற் பயின்ற றிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இருவர் அதில் தெரிவாகி அமெரிக்கா சென்றனர். சில மாதப் பயிற்சிக்குப் பின் பிற்ஸ்பேர்க் பைறேற்ஸ் கழகம் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. கையுறையை எந்தக் கையில் அணிவது என்பதிலிருந்து கற்றவர்கள் அவ்வளவு தூரம் சென்றது வியப்புக்குரியதே. ஆயினும் இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. ஈட்டி பழகிய தோளில் வேகம் இருந்தது. ஐந்து வயதிலிருந்து அவ்வாட்டத்திலேயே வளர்ந்தவனுக்கு உள்ள ஏனைய அறிவெல்லாம் சில மாதங்களில் எங்கிருந்து வரும்?

இனி, தேர்வாளர்கள் மிக உயர்ந்த தீர்ப்பு வழங்கிய இடங்களைப் பார்ப்போம். 1965 ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்கக் கழகங்கள் இளம் வீரரை ஆண்டுதோறும் ஓர் ஒழுங்கு முறைப்படி தெரிவு செய்து வருகின்றன. பின்தங்கிய கழகங்களுக்கு முன்னுரிமை உண்டு. அந்த முறை தொடங்கியது முதல் 2025 ஆம் ஆண்டு வரை, பாடசாலையை விட்டு நேரே வந்த எறிவீரர் மூவரே நாட்டின் முதலாம் தெரிவு என்னும் பெருமையைப் பெற்றனர். 1973 இல் டேவிட் கிளைட், 1991 இல் பிறையன் ரெயிலர், 2014 இல் பிறேடி எய்க்கன். மூவரும் இடக்கையர். மூவரில் ஒருவரேனும் எதிர்பார்த்த உயரத்தை அடைந்தாரில்லை. இதைக் கேட்போர் தேர்வாளர்களின் கண் பழுதென்று எண்ணுதல் இயல்பு. ஆனால் மூவர் வரலாற்றையும் சற்று நிதானித்து நோக்கினால் வேறொன்று புலப்படும்.

டேவிட் கிளைட் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரிற் பாடசாலை மாணவராக இருந்தவர். இறுதியாண்டில் அவர் எறிந்து வென்ற ஆட்டங்கள் 18, தோற்றது ஒன்றுமில்லை. அவரைத் தெரிவு செய்த ரெக்சாஸ் றேஞ்சர்ஸ் கழகம், 1972 இற்றான் வாஷிங்ரனிலிருந்து ஆர்லிங்ரன் நகருக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஆட்டத்தில் தோல்வி மேல் தோல்வி, மைதானத்தில் வெறும் ஆசனங்கள், உரிமையாளருக்கோ கடன். வழமைப்படி இத்தகைய இளைஞனை மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை ஆட்டங்களுக்கு அனுப்பி, மூன்று நான்கு ஆண்டுகள் பழக்கியெடுப்பர். கழகத்தின் முகாமையாளர் வைற்றி ஹேர்சொக்கின் விருப்பமும் அதுவே. உரிமையாளர் பொப் ஷோர்ட் வேறு விதமாக எண்ணினார். உள்ளூர்ப் பையன் மைதானத்தில் இறங்கினால் மக்கள் திரள்வர் அல்லவா?

1973 யூன் 27 ஆந் திகதி இரவு, பாடசாலையை விட்டு ஒரு மாதங்கூட ஆகாத நிலையில், பதினெட்டு வயதுக் கிளைட் மேஜர் லீக் மேட்டில் ஏறினார். எதிரே மினசோற்றா ருவின்ஸ் கழகம். முப்பத்தையாயிரத்திற்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். அந்த மைதானம் நிரம்பியது அதுவே முதன்முறை. வீதியில் வாகன நெரிசல் மிகுந்தமையால் ஆட்டத்தைத் தாமதித்தே தொடங்க வேண்டியதாயிற்று. முதல் இரு துடுப்பாளரும் கிளைட்டின் பந்துகள் இலக்குத் தவறியமையால் நடந்தே தளம் சேர்ந்தனர். அடுத்த மூவரையும் அவர் பந்தைத் தொடவிடாமல் வீழ்த்தினார். ஐந்து பகுதிகள் எறிந்து ஒரே ஓர் அடிக்கு இடங்கொடுத்தார், எண்மரை வீழ்த்தினார், எழுவரை நடக்க விட்டார். கழகம் 4 - 3 என வென்றது.

அந்த எண்களைப் பாடசாலை விடைத்தாளைப் பார்ப்பது போலப் பார்த்தால், வந்தவர் யார் என்பது தெரியும். எண்மரை வீழ்த்தியது இயற்கை தந்த தோள். எழுவரை நடக்க விட்டது இன்னும் கற்க வேண்டிய பாடம். அப்பாடத்திற்கு ஏற்ற இடம் கீழ்நிலை லீக். அங்கே பிழை செய்தால் நூறு பேர் பார்ப்பர், நாளை மறந்துவிடுவர். ஆனால் நிரம்பிய ஆசனங்களைக் கண்ட பின் உரிமையாளருக்கு மனம் வரவில்லை. இரண்டொரு ஆட்டங்களுக்கென்று கொண்டுவரப்பட்டவர் ஆண்டு முழுவதும் நிறுத்தப்பட்டார். அவ்வாண்டில் 4 வெற்றி, 8 தோல்வி. பின்வந்த முகாமையாளர் அவரை அதிகம் பயன்படுத்தவில்லை. தோளில் நோவு வந்தது. 1976 இற் சத்திரசிகிச்சை நடந்தது. 1979 இற் கிளீவ்லன்ட் கழகத்தில் அவருடைய மேஜர் லீக் வாழ்வு முடிந்தபோது வயது 24. மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. அக்கால விதிப்படி ஓய்வூதிய உரிமைக்கு வேண்டிய சேவைக் காலத்தில் 37 நாட்கள் குறைவு.

அதே 1973 ஆம் ஆண்டில் மூன்றாவதாகத் தெரிவானவர் றொபின் யவுன்ற். நான்காவது டேவ் வின்பீல்ட். இருவரும் பின்னர் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றனர். இதைச் சுட்டிக் கிளைட்டைத் தெரிவு செய்தமை தவறு என்பாருண்டு. தெரிவு தவறன்று, தெரிவின் பின் செய்ததே தவறு. தேர்வாளரின் குறிப்பேட்டில் இன்றைய நிலை, எதிர்கால நிலை என்று இரண்டு பத்திகள் இருக்க, உரிமையாளர் இரண்டாம் பத்தியின் பணத்தை முதலாம் நாளே எடுக்க முயன்றார்.

பிறையன் ரெயிலர் வட கரோலினாக் கடற்கரையிலுள்ள சிற்றூரொன்றைச் சேர்ந்தவர். தாயார் நண்டுச்சதை பிரித்தெடுக்கும் வேலை செய்தவர், தந்தையார் கொத்தனார். நியூயோர்க் யாங்கீஸ் கழகம் முதலிற் கூறிய தொகையை அந்தத் தாயார் ஏற்கவில்லை. முந்திய ஆண்டில் வேறோர் எறிவீரனுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்குக் குறைந்து தம் மகன் கையெழுத்திடான் என்று உறுதியாக நின்றார். முடிவில் 15 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு உடன்பாடு ஆயிற்று. படிப்பறிவு மிக்க கழக அதிகாரிகளை எதிர்கொண்ட அந்தப் பெண்மணியின் துணிவைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

யாங்கீஸ் கழகம் ரெயிலரை அவசரப்படுத்தவில்லை. கீழ்நிலை லீக்குகளில் இரண்டாண்டுகள் முறைப்படி வளர்த்தது. 1993 இல் இரண்டாம் படிநிலையில் 13 வெற்றி பெற்றிருந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் ஊருக்கு வந்திருந்தபோது, தம் சகோதரருக்கு நேர்ந்த சண்டையொன்றில் தலையிட்டார். அந்தக் கைகலப்பில் இடது தோள் மூட்டு விலகி உள்ளே கிழிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் பழைய வேகமும் வரவில்லை, குறியும் வரவில்லை. மேஜர் லீக் மைதானத்தில் ஒரு பந்தேனும் எறியாமலே அவர் ஆட்டத்தை விட்டு நீங்கினார். இங்கே தேர்வாளரும் பிழை செய்யவில்லை. கழகமும் பிழை செய்யவில்லை. சகோதரனுக்காக ஓடிய இளைஞனையும் யார் குற்றங் கூறுவர்? எந்தக் குறிப்பேட்டிலும் இதற்கொரு பத்தி இல்லை.

மூன்றாமவர் பிறேடி எய்க்கன். அவருடைய காலத்தில் மருத்துவம் மிக வளர்ந்துவிட்டது. முழங்கையின் உட்புறத்தில் இரு எலும்புகளைப் பிணைத்து நிற்கும் சிறிய நார் ஒன்றுண்டு. மணிக்கு 90 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் எறியுந்தோறும் அந்நார் தாங்கக்கூடிய எல்லையை அடுத்து இழுபடுகிறது. முன்னர் அது அறுந்தால் எறிவீரனின் வாழ்வு முடிந்தது என்பதே பொருள். 1974 செப்ரெம்பரில் வைத்தியர் பிராங்க் ஜோப், ரொமி ஜோன் என்னும் எறிவீரரின் மற்றைய கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து, அறுந்த இடத்தில் வைத்துப் பிணைத்தார். 1976 இல் மீண்டும் களமிறங்கிய ரொமி ஜோன் அதன்பின் மட்டும் 164 ஆட்டங்களில் வெற்றி பெற்றார். அச்சிகிச்சை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு வைத்தியரின் கைத்திறன் நோயாளியின் பெயரால் நிலைத்தது புதுமைதான்.

2014 இல் ஹூஸ்ரன் அஸ்ற்ரோஸ் கழகம் எய்க்கனை முதலாவதாகத் தெரிவு செய்து 65 இலட்சம் டொலருக்கு இணங்கியது. கையெழுத்திடுமுன் நடந்த மருத்துவப் பரிசோதனையில், அந்த முழங்கை நாரின் அமைப்பிற் குறையுண்டெனக் கழகத்து வைத்தியர் கருதினர். கழகம் தொகையைக் குறைத்தது. நோவு எதுவுமின்றி எறிந்துகொண்டிருந்த இளைஞரும் குடும்பத்தாரும் அதை ஏற்க மறுத்தனர். குறித்த நாள் கடந்தது. ஒப்பந்தம் இல்லாமற் போயிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்த நார் அறுந்தது. வைத்தியர் சொன்னது பலித்தது என்று கழகத்தார் கூறலாம். ஆயினும் நலமாக நிற்கும் ஒருவனை நோக்கி, நாளை நீ நோயாளி ஆவாய், ஆதலால் இன்றே உன் விலை குறைவு என்று கூறுவதிலுள்ள கடுமை, சொன்னது பலித்ததனால் மறைந்துவிடுமா? கிளீவ்லன்ட் கழகம் பின்னர் அவரை எடுத்தது. ஆனால் மேஜர் லீக் அவருக்குக் கிட்டவில்லை.

ஆக, மூன்று தீர்ப்புகளிலும் தோளைப் பற்றிக் கூறியது உண்மையே. தோளைச் சுற்றியிருந்தவையே மூன்று விதமாக அமைந்தன. ஒருவருக்கு உரிமையாளரின் பேராசை, ஒருவருக்கு ஓர் இரவின் விபத்து, ஒருவருக்கு உடம்பினுள் மறைந்திருந்த குறை.

கண்ணே தவறிய இடங்களும் உண்டு. கிறெக் மடக்ஸ் லாஸ் வேகாஸ் நகரில் வளர்ந்த ஒல்லியான பையன். தேர்வாளர் விரும்புவது நெடிய உடலும் அகன்ற தோளும் நீண்ட கைகளும். பதினெட்டு வயதில் ஒடுங்கி நிற்பவன் இருபத்தைந்தில் நிறைவான் என்பதற்கு உறுதியில்லையென்று, தந்தையின் உயரத்தைக்கூட அவர்கள் நோக்குவர். மடக்ஸின் ஆற்றலைக் கண்டு வியந்த சிக்காகோ கப்ஸ் கழகத் தேர்வாளர், உடல் மட்டும் சற்றுப் பெரிதாயிருந்தால் இவனே நாட்டின் முதலாம் தெரிவாவான் என்னும் கருத்துப்பட எழுதினார். 1984 இல் முப்பத்தொன்றாவதாகவே அவர் தெரிவானார்.

அந்தப் பையனுக்கு ஊரில் நல்லாசிரியர் ஒருவர் வாய்த்திருந்தார். றால்ப் மெடார் என்னும் அம்முதியவர் முன்னாளில் தேர்வாளராக இருந்தவர். ஞாயிறுதோறும் சிறுவர்களைக் கூட்டி எறிதல் பழக்கினார். வேகத்தைக் கூட்டும்படி அவர் மடக்ஸுக்குச் சொல்லவில்லை. கையைச் சற்றுத் தாழ்த்தி எறியச் சொல்லி, பந்து கடைசிக் கணத்தில் விலகிச் செல்லும் வகையைக் காட்டினார். வேகமாக எறிவதிலும் பந்தை அசையச் செய்வதே மேல் என்பது அவருடைய போதனை. பதினைந்து வயதுச் சிறுவனுக்கு இப்போதனை கசக்கும். வேகமன்றோ கூட்டாளிகளிடையே பெருமை தருவது! மடக்ஸ் கேட்டார். மெடார் தம் மாணவனின் புகழைக் காணுமுன்பே காலமானார்.

மேஜர் லீக்கில் முதல் முழு ஆண்டாகிய 1987 இல் மடக்ஸ் 6 ஆட்டங்களை வென்று 14 இல் தோற்றார். அன்று அவரைக் கைவிட்டிருந்தால் எவரும் வியந்திரார். கழகம் பொறுத்தது. அடுத்த ஆண்டில் 18 வெற்றி. 1992 முதல் 1995 வரை நான்காண்டுகள் தொடர்ந்து லீக்கின் தலைசிறந்த எறிவீரருக்குரிய சை யங் பரிசை வென்றார். 355 வெற்றிகளோடு ஓய்வு பெற்று, 2014 இற் புகழ்மண்டபம் புகுந்தார். அவரினும் வேகமாக எறிந்தோர் அந்நாளில் எத்தனையோ பேர். அவர்களுட் பலர் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை.

பொறுத்திருத்தலைப் பற்றிப் பேசும்போது சன்டி கோபக்ஸை விடுதல் ஆகாது. 1954 இல் புறூக்ளின் டொட்ஜர்ஸ் கழகம் அவரை எடுத்தபோது, நாலாயிரம் டொலருக்கு மேல் முன்பணம் பெற்ற இளைஞனை இரண்டாண்டுகள் மேஜர் லீக்கிலேயே வைத்திருக்கவேண்டும் என்னும் விதி இருந்தது. செல்வக் கழகங்கள் இளைஞரை வாங்கிக் குவிக்காதிருக்கச் செய்த விதி, இளைஞருக்கே கேடாயிற்று. கற்கவேண்டிய வயதிற் கோபக்ஸ் வாங்கில் அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஆறாண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. அபாரமான வேகம், குறியோ இல்லை. 1961 பயிற்சிக் காலத்தில், பந்து பிடிப்போனாகிய நோர்ம் ஷெறி, இவ்வளவு வலிந்து எறியாதே என்று அவருக்குச் சொன்னார். வலிமையைச் சற்றுக் குறைத்தபோது குறி வந்தது, வேகமும் குறையவில்லை. அடுத்த ஆறாண்டுகளில் அவருக்கு நிகர் எவருமில்லை. 1966 இல் 27 வெற்றி பெற்ற கையோடு, முழங்கை மூட்டு வாதத்தால் முப்பது வயதில் ஓய்வு பெற்றார். அவரைப்போல் நெருக்கடிக்கு ஆளான கிளைட்டுக்கு அத்தகைய ஒரு சொல்லைச் சொல்ல உரிய வேளையில் ஒருவர் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அதற்கு விடை எவரிடமும் இல்லை.

இக்காலத்துத் தேர்வாளரின் கையில் முன்னையோர் கனவிலுங் காணாத கருவிகள் உள்ளன. பந்து வினாடிக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதையும் கமராக்கள் கூறிவிடுகின்றன. இதன் பயனாக வேறொரு தீங்கு விளைந்துள்ளது. அளக்கப்படுவது வேகமானால், வேகத்தையே பிள்ளைகள் வளர்ப்பர். முன்பு கோடையிற் பேஸ்போல், குளிர்காலத்திற் கூடைப்பந்து என்று ஆடிய சிறுவர், இன்று ஆண்டு முழுவதும் பந்தெறிந்து தேர்வாளரின் முன்னே தம்மைக் காட்டுகின்றனர். பதினேழு, பதினெட்டு வயதினர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் எறியலாகாதென்று, 2014 இல் மேஜர் லீக் நிர்வாகமும் அந்நாட்டுப் பேஸ்போல் சங்கமும் வழிகாட்டி வெளியிட்டன. 2024 டிசெம்பரில் அந்நிர்வாகம் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, எறிவீரரின் காயங்கள் பெருகியதற்கு வேகத்தை நாடி ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு எறிவதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. தீர்ப்பு வழங்க வந்த அளவுகோல், தீர்ப்புக்குரிய பொருளையே முறிக்கத் தொடங்கிவிட்டது.

தெரிவான பையனின் வீட்டில் நிகழும் ஆலோசனையையும் நினைக்கவேண்டும். 2021 முதல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 600 பேர் தெரிவாகின்றனர். அவர்களுள் மேஜர் லீக்கை எட்டுவோர் சிறுபகுதியினரே. பையன் முன் இரு வழிகள் உள்ளன. இப்பொழுதே கையெழுத்திட்டுக் கீழ்நிலை லீக்குகளிற் பேருந்துப் பயணமும் சிற்றூர் விடுதியுமாகச் சில ஆண்டுகள் கழிக்கலாம். அன்றேல் நான்காண்டுப் பல்கலைக்கழகத்திற் சேரலாம். சேர்ந்தால் மூன்றாண்டு கழியும் வரை, அல்லது 21 வயதாகும் வரை, மீண்டும் தெரிவாக இயலாது. அதற்குள் தோள் பழுதுபட்டால் வந்த பணம் போனதுதான். கையெழுத்திட்டுத் தோற்றாலோ படிப்புப் போனது. இவ்விரண்டாம் இழப்புக்கு ஒரு பரிகாரம் உண்டு. பிற்காலத்தில் அவன் படிக்க விரும்பினால் அச்செலவைக் கழகமே ஏற்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். பெற்றோர் பலர் முன்பணத்தின் பெரிய எண்ணைப் பார்த்து, இந்தச் சிறிய வரியைக் காணாமல் விடுவர். அறிந்த பெற்றோர் அதையே முதலிற் கேட்பர்.

நல்ல தேர்வாளர் கருவியைக் கீழே வைத்தபின் கவனிப்பவை சில உள. தோழன் இலகுவான பந்தொன்றைத் தவறவிட்டபோது மேட்டில் நிற்பவன் முகம் எப்படி மாறுகிறது? நான்கு பந்துகள் தொடர்ந்து குறி தவறியபின் ஐந்தாவதை எவ்வாறு எறிகிறான்? தோற்ற மாலையில் பயிற்றுநர் சொல்வதை நின்று கேட்கிறானா? இவற்றுக்கு எண்ணில்லை. வகுப்பாசிரியரிடமும் மைதானக் காவலாளியிடமும் பேசிப் பார்ப்போரும் உண்டு. இவ்வாறு ஒருமுறையன்றிப் பலமுறை வந்து பார்த்தவரின் கதை ஒன்றுண்டு.

ஹூஸ்ரன் நகரை அடுத்த அல்வின் என்னும் சிற்றூரில், நோலன் றயன் என்னும் மெலிந்த பாடசாலை மாணவனைத் தேர்வாளர் றெட் மேர்ப் கண்டார். றேடார் கருவி இல்லாத காலம் அது. அத்தகைய வேகத்தைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று உணர்ந்து தம் கழகமாகிய நியூயோர்க் மெற்ஸுக்கு எழுதினார். 1965 இற் கழகத்து உயர் அதிகாரி ஒருவரை நேரில் அழைத்து வந்தார். முதல்நாள் பயிற்றுநர் மாணவரைத் தண்டனையாகப் பலமுறை ஓடவைத்திருந்தமையால், றயன் களைத்திருந்தார். அன்று எதிரணியினர் அவருடைய பந்துகளை இலகுவாக அடித்தனர். அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. மேர்ப் மட்டும் தம் கருத்தை மாற்றவில்லை. பன்னிரண்டாம் சுற்றில், 295 ஆவதாக, றயனை மெற்ஸ் கழகம் எடுத்தது. அவருக்கு முன் நாடெங்கும் 294 பெயர்கள் அழைக்கப்பட்டுவிட்டன.

றயன் 1993 வரை, 46 வயது வரை, எறிந்தார். 5714 துடுப்பாளரை வீழ்த்தினார்; அந்த எண்ணிக்கையை வேறெவரும் எட்டியதில்லை. ஓர் அடிக்கும் இடங்கொடாமல் ஆட்டத்தை முடிக்கும் அருஞ்செயலை ஏழுமுறை செய்தார். ஏழாவது முறை 1991 மே மாதம் முதலாந் திகதி இரவு நிகழ்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 44. ஆடியது ரெக்சாஸ் றேஞ்சர்ஸ் கழகத்திற்காக. எதிரே ரொறன்ரோ கழகம். மைதானம், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் டேவிட் கிளைட் முதன்முதலாக மேடேறிய அதே ஆர்லிங்ரன் மைதானம்.